சண்டைக் கூண்டும் பந்தயக் கணக்கும்

சென்ற பள்ளி விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்திருந்தார். உலு திராமிலிருந்து நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்களில் அவரும் ஒருவர். நலம் விசாரித்து முடிந்ததும் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “ஐயா, இந்த நம்பருக்கு முன்னால கழித்தல் குறி போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். பார்த்தால் அது கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி ஒன்றுக்கான பந்தயப் பட்டியல். எட்டு மாதத்தில் அவர் இழந்திருந்த தொகை நாலாயிரத்து இருநூறு வெள்ளி. அவ்வளவையும் அந்தக் குறியின் பொருள் தெரியாமலே இழந்திருக்கிறார். அவருக்குப் பின்னமும் சதவீதமும் கற்பித்தவன் நான்!

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. “சூதாடுவது தவறு” என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறோம். சூது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஒருநாளும் விளக்கியதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். அம்முறையிலேயே இந்தப் பந்தயத்தை அடியிலிருந்து விளக்க முற்படுகிறேன். எவரையும் பந்தயம் கட்டத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வெறும் உபதேசம் செய்வதும் நோக்கமன்று. கணக்கைக் காட்டுவதே நோக்கம்.

இது என்ன சண்டை?

இரண்டு சேவல்கள் மோதினால் சுற்றி நிற்பவர்கள் காசு கட்டுவார்கள் என்பது நம் முன்னோர் அறிந்ததே. மனிதர் மோதும் மற்போரும் குத்துச்சண்டையும் நமக்குப் புதியவையல்ல. வடசென்னையில் இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் பெயர் பெற்று விளங்கின. கலப்புத் தற்காப்புக் கலை என்பது குத்துச்சண்டை, உதைச்சண்டை, மற்போர், ஜூடோ, ஜியூ ஜிட்சு ஆகியவற்றை ஒரே களத்தில் சேர்த்து நடத்தும் போட்டியாகும். இக்காலப் போட்டிகளுக்குத் தொடக்கமாகக் கருதப்படுவது 1993 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடைபெற்ற முதல் யு.எஃப்.சி. போட்டி. அன்று ஒரே இரவில் மூவரை அடுத்தடுத்து வென்றவர் பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி. அவர் பருத்த உடலினர் அல்லர். பிடி போட்டு எதிரியைப் பணிய வைக்கும் நுட்பத்தால் வென்றார்.

தொடக்கத்தில் விதிகள் மிகச் சிலவே இருந்தன. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பொதுவிதிகள் உருவாயின. அவற்றின்படி சாதாரணப் போட்டி ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று கொண்டது. பட்டப் போட்டிக்கு ஐந்து சுற்றுகள். ஆசியாவில் இக்கலையைப் பரப்பிய ‘ஒன் சாம்பியன்ஷிப்’ நிறுவனம் 2011-இல் சிங்கப்பூரில் தன் முதற்போட்டியை நடத்தியது.

நம் நாட்டுத் தமிழர்களுக்கு இப்போட்டியில் ஆர்வம் மிகுந்ததற்கு அகிலன் தாணி ஒரு காரணம். கோலாலம்பூரைச் சேர்ந்த இவர் இளமையில் மிகுந்த உடற்பருமனால் வருந்தி, பயிற்சியால் உடலைச் சீராக்கிக் கொண்டவர். 2017 மே 26-ஆம் நாள், சிங்கப்பூரில், அதுவரை தோல்வியே காணாத அமெரிக்க வீரர் பென் ஆஸ்க்ரனை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு மோதினார். அகிலனும் அதுவரை தோற்றதில்லை. முதற்சுற்றிலேயே கழுத்துப் பிடியில் சிக்கிப் பணிய நேர்ந்தது. ஆயினும் இரண்டாண்டு கழித்து, 2019 ஜூன் மாதம் ஷாங்காய் நகரில், ஜப்பானில் பெரும்புகழ் பெற்ற யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பால் வென்றார். இத்தகைய செய்திகளைப் படித்து நம் பிள்ளைகள் பெருமிதம் கொள்வது இயல்பே. அந்தப் பெருமிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பந்தயக்காரன் உள்ளே நுழைகிறான்.

வெற்றி எத்தனை வகை?

இச்சண்டையில் வெற்றி பல வகைப்படும். அடியால் எதிரி நினைவிழந்து விழுதல் ஒன்று. தற்காத்துக் கொள்ள இயலாத நிலை கண்டு நடுவர் நிறுத்துதல் மற்றொன்று. பிடியில் சிக்கியவர் கையால் தட்டிப் பணிதல் மூன்றாவது. நேரம் முழுவதும் முடிந்தால் மூன்று நீதிபதிகள் புள்ளியிட்டுத் தீர்ப்பளிப்பர். இவையன்றி, விதி மீறியதால் நீக்கப்படுதல், சமநிலை, போட்டியே செல்லாதென அறிவித்தல் ஆகியவையும் உண்டு.

பந்தயக்காரன் இவை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சரக்காக விற்கிறான். யார் வெல்வார், எந்தச் சுற்றில் முடியும், எந்த வகையில் முடியும், முழு நேரமும் நீடிக்குமா என ஒரே சண்டைக்குப் பத்துக்கு மேற்பட்ட பந்தயங்கள் உள. சரக்கு நுணுக்கமாக ஆக, அவன் வைத்துக்கொள்ளும் இலாபமும் பொதுவாக மிகுதியாகும் என்பதை நினைவிற் கொள்க.

எண்களை வாசிக்கும் முறை

ஒரு சண்டையில் சிவப்பு மூலை வீரர், நீல மூலை வீரர் என இருவர் இருப்பதாகக் கொள்வோம். சிவப்பு மூலையார் வலியவர் என்று எண்ணப்படுகிறார். பந்தய விலையை எழுதும் முறைகள் மூன்றினை அறிந்தால் போதும்.

முதலாவது தசம முறை. சிவப்புக்கு 1.50, நீலத்துக்கு 2.60 என்று இருக்கும். சிவப்பின்மீது 100 வெள்ளி கட்டி அவர் வென்றால் 150 வெள்ளி கைக்கு வரும். அதில் 100 நம் முதல், 50 இலாபம். நீலம் வென்றால் 260 வரும், இலாபம் 160.

இரண்டாவது அமெரிக்க முறை. இதே விலை அங்கே சிவப்புக்கு −200 என்றும் நீலத்துக்கு +160 என்றும் எழுதப்படும். கழித்தல் குறி இட்ட எண், நூறு வெள்ளி இலாபம் பெற எவ்வளவு கட்டவேண்டும் என்பதைக் குறிக்கும். கூட்டல் குறி இட்ட எண், நூறு வெள்ளி கட்டினால் எவ்வளவு இலாபம் என்பதைக் குறிக்கும். ஆகவே, இம்முறையில் கழித்தல் குறி வலியவருக்கு உரியது.

மூன்றாவது முறைக்கு நம் நாட்டின் பெயரே வழங்குகிறது. உலகெங்கும் அதனை ‘மலாய் முறை’ என்பர். அதில் சிவப்பின் விலை 0.50, அதாவது ஒரு வெள்ளிக்கு ஐம்பது காசு இலாபம். நீலத்தின் விலை −0.625, அதாவது அறுபத்திரண்டரைக் காசு கட்டினால் ஒரு வெள்ளி இலாபம். இங்கே கழித்தல் குறி மெலியவருக்கு உரியது! அமெரிக்க முறைக்கு இது நேர்மாறு. என் மாணவர் ஒரு முறையில் எழுதிய பட்டியலை மற்றொரு முறையாக எண்ணிப் படித்து வந்திருக்கிறார். வலியவர்மீது கட்டுவதாக நினைத்து மெலியவர்மீது கட்டிய இரவுகள் எத்தனையோ!

அந்த ஐந்து யாருக்கு?

விலையை வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. விலைக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பை வெளியே எடுக்க வேண்டும். வழி எளிது. நூறைத் தசம விலையால் வகுக்க வேண்டும். 100-ஐ 1.50-ஆல் வகுத்தால் 66.67. இது சிவப்பு வெல்ல நூற்றுக்கு 66.67 வாய்ப்பு என்று அவ்விலை கூறுவதாகும். 100-ஐ 2.60-ஆல் வகுத்தால் 38.46. இது நீலத்தின் வாய்ப்பு.

இவ்விரண்டையும் கூட்டிப் பாருங்கள். 105.13 வருகிறது. ஏதேனும் ஒரு சண்டையில் இருவரின் வெற்றி வாய்ப்பும் சேர்ந்து நூற்றுக்கு மேல் போக முடியுமா? முடியாது. என் மாணவர் இதைப் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் வகுத்துக் கூட்டிப் பார்த்தார். சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்த அஞ்சு யாருக்கு, ஐயா?” என்று கேட்டார். அவர் பள்ளியில் என்னிடம் கேட்ட கேள்விகள் எதுவும் இவ்வளவு நல்ல கேள்வியன்று.

அந்த ஐந்து பந்தயம் பிடிக்கும் புக்கிக்கு உரியது. பலர் சேர்ந்து சிவப்பின்மீது 6,667 வெள்ளியும், நீலத்தின்மீது 3,846 வெள்ளியும் கட்டியதாக வைத்துக்கொள்வோம். புக்கியிடம் சேர்ந்தது 10,513 வெள்ளி. சிவப்பு வென்றாலும் அவன் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 10,000. நீலம் வென்றாலும் ஏறக்குறைய 10,000. எவர் மூக்கு உடைந்தாலும் 513 வெள்ளி அவன் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. நடைமுறையில் பணம் இவ்வளவு சீராகச் சேராது. ஒரு பக்கம் அதிகம் குவிந்தால், அப்பக்கத்தின் விலையைக் குறைத்து மறுபக்கத்துக்கு ஆள் இழுப்பான். பட்டியலில் எண்கள் ஓயாமல் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுபவன் பக்கத்திலிருந்து பார்த்தால், அவன் கட்டும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் சராசரியில் திரும்பி வருவது 95 வெள்ளி 12 காசு. ஐந்து வெள்ளிதானே போகிறது என்று தோன்றும். ஆனால் பந்தயம் கட்டுபவன் ஒருமுறையோடு நிற்பதில்லை. ஆயிரம் வெள்ளியைப் பல சண்டைகளில் பிரித்துக் கட்டி, திரும்பி வந்ததை மறுவாரமும் அவ்வாறே கட்டி, இருபது வாரம் சுழற்றினால், சராசரியில் எஞ்சுவது 368 வெள்ளி. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காததைப் போலத்தான். ஓட்டை சிறிது, ஒழுகும் நேரமோ நெடிது.

தொடர் பந்தயமும் இரட்டிப்பும்

இளைஞரை மிகவும் கவர்வது தொடர் பந்தயம். நான்கு சண்டைகளின் முடிவையும் சரியாகச் சொன்னால் பெருந்தொகை கிடைக்கும் என்பார்கள். நான்கில் ஒன்று தவறினாலும் கட்டியது முழுவதும் போகும். நான்கு சண்டையிலும் புக்கியின் பங்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால், மேற்கூறிய விலையில் நூறு வெள்ளிக்குச் சராசரியில் திரும்புவது ஏறத்தாழ 82 வெள்ளியே. தனிப் பந்தயத்தில் ஐந்து வெள்ளி இழப்பவன் இங்கே பதினெட்டு வெள்ளி இழக்கிறான்.

“தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு; ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும்” என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உளர். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து வெள்ளியில் தொடங்கித் தோற்கத் தோற்க 20, 40, 80, 160, 320, 640 என்று கட்டினால், ஏழு தோல்விகளில் போனது 1,270 வெள்ளி. எட்டாவது முறைக்கு 1,280 வெள்ளி வேண்டும். 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதனை முழுவதும் கொண்டு வந்தவனிடம் அப்போது எஞ்சியிருப்பது 430 வெள்ளிதான். இத்தனை பாடும் பத்து வெள்ளி இலாபத்துக்காக! சரிபாதி வாய்ப்புள்ள பந்தயத்திலும் ஏழு முறை தொடர்ந்து தோற்பது 128-இல் ஒருமுறை நேரும். ஆண்டு முழுவதும் ஆடுபவனுக்கு அது நேராமல் இருந்தால்தான் வியப்பு.

இக்கணக்குகள் புதியனவல்ல. 1654-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவுக் கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. சூதிலிருந்து ஒரு கலையைக் கற்றவர்கள் கணித அறிஞர்களே, சூதாடிகள் அல்லர்.

முன்கூட்டி அறிய முடியாதா?

“சண்டையை நன்கு அறிந்தவன் புக்கியை வெல்லலாமே” என்று கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், மிகச் சிலர் வெல்கிறார்கள். ஆனால் இவ்விளையாட்டில் அது பெரிதும் கடினம். ஆங்கிலேய உதைபந்துச் சங்கம் ஒன்று ஒரு பருவத்தில் 38 லீக் ஆட்டம் ஆடுகிறது. சண்டை வீரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே மோதுகிறார். அவ்வளவு குறைந்த சான்றைக் கொண்டு என்ன முடிவு கட்டுவது? மேலும், கையுறையின் எடை நான்கு அவுன்சு மட்டுமே. ஒரே அடி அனைத்தையும் மாற்றிவிடும். 2015 நவம்பரில் மெல்பர்ன் நகரில், பன்னிரண்டு சண்டையிலும் தோல்வியறியாத ரோண்டா ரௌசியை, பெரும்பாலோர் நம்பாத ஹோலி ஹோம் இரண்டாம் சுற்றில் ஒரே உதையில் சாய்த்தார். கூடியிருந்தோர் 56,000-க்கு மேற்பட்டவர்கள்.

நம் கண்ணுக்குப் புலப்படாதவை இன்னும் பல. எடைப்பிரிவுக்குள் அடங்குவதற்காக வீரர்கள் உடலின் நீரை வற்றச் செய்கிறார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் மோதவிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங், இவ்வாறு எடை குறைத்ததனால் இருபத்தொரு வயதில் உயிரிழந்தார். அதன்பின் ‘ஒன்’ நிறுவனம் எடை விதிகளையே மாற்றியது. களத்தில் நிற்பவர் எந்நிலையில் நிற்கிறார் என்பது கைப்பேசியில் தெரியுமா?

மறைக்கப்படுவதும் உண்டு. 2022 நவம்பர் 5-ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் டாரிக் மின்னர் என்பவர் மோதவிருந்த போட்டியில், தொடங்குவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர் எதிராளியின்பால் பணம் குவிந்து விலை திடீரென்று மாறியது. சண்டை 67 விநாடியில் முடிந்தது. மின்னர் காலில் ஏற்கெனவே காயம் இருந்திருக்கிறது. அதனைத் தெரிவிக்காமைக்காக நெவாடா விளையாட்டு ஆணையம் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் யு.எஃப்.சி. போட்டிகளின்மீது பந்தயம் ஏற்பதையே நிறுத்தி வைத்து, மறு மாதம்தான் மீண்டும் அனுமதித்தது. உரிமமும் கண்காணிப்பும் உள்ள நாடுகளிலேயே இந்நிலை. உள்ளே இருப்பவர் அறிந்ததை உலு திராமில் இருப்பவர் எவ்வாறு அறிவார்?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் அளித்த தீர்ப்புக்குப் பின் அங்கே பல மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கின. அந்த விளம்பரங்கள் இன்று நம் கைப்பேசிக்கும் வந்து சேர்கின்றன. அதனால் இங்கும் அது சட்டபூர்வம் என்று எண்ணிவிடலாகாது. மலேசியாவில் குதிரைப் பந்தயமும், உரிமம் பெற்ற எண் குலுக்கும், கெந்திங் சூதாட்ட அரங்கும் மட்டுமே தனிச் சட்டங்களின்கீழ் நடைபெறுகின்றன. அவையும் முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டவை. 2010-இல் உலகக் கிண்ணத்தை ஒட்டி விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் வழங்கும் யோசனை எழுந்து, பலத்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டத்தின்படி புக்கியாகத் தொழில் செய்பவருக்கு 20,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். நண்பர்களிடம் பணம் திரட்டி ‘ஏஜண்டு’ வேலை பார்க்கும் இளைஞர்கள் இதனை நன்கு சிந்திக்க வேண்டும்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற நிறுவனம் உதைபந்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்குமே பந்தயம் ஏற்கிறது. அங்கே 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமற்றவரிடம் பந்தயம் கட்டுபவரும் குற்றவாளியே. 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வேலை அனுமதியில் பிழைப்பவர்கள் உணவு இடைவேளையில் கைப்பேசியைத் தட்டும்போது எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பந்தயம் பற்றிய உடன்பாடு செல்லாது. வென்ற தொகையைப் புக்கி கொடுக்க மறுத்தால் நீதிமன்றம் சென்று கேட்க இயலாது. தோற்றவனிடமோ புக்கி தன் ஆட்களை அனுப்பி வாங்கிக்கொள்வான். வெற்றிக்குச் சட்டம் துணையில்லை. தோல்விக்குத் தடி உண்டு.

அந்தத் தடிக்கு அஞ்சியே பலர் ‘ஆ லோங்’ எனப்படும் வட்டி முதலைகளிடம் போகின்றனர். உரிமம் பெற்ற கடன் நிறுவனம் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. முதலையோ வாரக் கணக்கில் வட்டி வாங்கும். கடனில் அகப்பட்டவர்கள் மறைந்து திரிய வேண்டியதில்லை. பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ‘ஏ.கே.பி.கே.’ என்னும் கடன் ஆலோசனை நிலையம் வங்கிக் கடன்களைச் சீர்ப்படுத்த இலவசமாக வழிகாட்டுகிறது. முதலையின் மிரட்டலுக்குக் காவல் நிலையம் இருக்கிறது.

முடிவாக

தருமனும் நளனும் சூதில் நாடிழந்த கதை நம் கோயில் மேடைகளில் இன்றும் நடிக்கப்படுகிறது. வள்ளுவர் சூதுக்கென்று தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதில் அவர் முதற்கண் எச்சரிப்பது தோல்வியைப் பற்றியன்று, வெற்றியைப் பற்றி என்பது கவனிக்கத்தக்கது. என் மாணவரும் முதல் வாரத்தில் 180 வெள்ளி வென்றவர்தான். அந்த வெற்றிதான் அவரை நாலாயிரத்து இருநூறு வரை இழுத்துச் சென்றது.

தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. சேவற்கட்டு நடந்த செம்மண் திடலும் மறைந்துவிட்டது. திடலில் கட்டியவனை ஊரார் கண்டனர். மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். போர்வைக்குள் கைப்பேசியில் கட்டுபவனை யார் காண்பது? ஆகவே அறிவு ஒன்றே அவனுடன் போர்வைக்குள் செல்லக்கூடிய காவல். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சதவீதம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், மாம்பழமும் மிட்டாயும் போதுமென்று விடாமல், இந்த 105-ஐயும் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறேன்.

என் மாணவர் இப்போதும் சண்டை பார்க்கிறார். பார்க்கட்டும். அகிலன் போன்றோரின் உழைப்பைக் கண்டு மகிழக் காசு கட்ட வேண்டியதில்லை. சென்ற வாரம் மீண்டும் வந்தபோது, மாதம் இருநூறு வெள்ளி வீதம் தம் தாயாரிடம் திருப்பிக் கொடுத்து வருவதாகச் சொன்னார். நாலாயிரத்து இருநூறுக்கு எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்கை நான் கேட்கவில்லை. அவரே, “இருபத்தோரு மாசம், ஐயா” என்றார்.